மடிப்புக்குள் ஒரு நாவல்

பிப்ரவரி 11: ஜப்பானுக்குத் தபால், 320.
மார்ச் 27: உரிமைத் தொகைக்கு முன்பணம், 9,000.
ஜூன் 2: வெள்ளைப் படுக்கை விரிப்பு, 650.
ஆகஸ்ட் 18: ஒளிப்பதிவு, 2,500.

எங்கள் நாடகக் குழுவின் பொருளாளராக நான் எழுதிவைத்த செலவு இவ்வளவுதான். அந்தச் செலவில் நடந்ததற்கு என்னிடம் கணக்கு இல்லை.

என் மனைவியின் தங்கைக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படுக்கை விரிப்புகளை மடிக்க வேண்டும். இருபத்தாறு வருடமாக அதைத்தான் செய்கிறாள். நானூறு பக்க ஜப்பானிய நாவல் ஒன்றை மேடைக்குக் கொண்டுவரப் போவதாக அவள் சொன்னபோது, எத்தனை பேர் நடிக்க வேண்டும் என்று கேட்டேன்.

"ரெண்டு பேர் அத்தான். ஒரு பெட்ஷீட்."

"வசனம்?"

"நீங்களும் அக்காவும் வீட்ல பேசிக்கிற அளவுதான். ஒண்ணும் கிடையாது."

நாவலில் ஒரு கணவனும் மனைவியும் நாற்பது வருடம் ஒரே வீட்டில் வாழ்கிறார்கள். ஒருவரையொருவர் தொடுவதே இல்லை. கடைசியில் கணவன் இறந்துபோகிறான். எண்பதைத் தாண்டிய அதன் ஆசிரியர், முதலில் ஒருமுறை நடித்துப் பதிவை அனுப்பும்படியும், பார்த்த பிறகே அனுமதி தருவதாகவும் எழுதியிருந்தார். மேடையிலும் இருவரும் தொடக்கூடாது என்பது அவர் நிபந்தனை.

விளிம்பைக் கைமாற்றும்போது விரல் படத்தான் செய்யும். கணவனாக நடித்த பஸ் டிரைவரும் அவளும், ஒரு சாண் தள்ளிப் பிடித்து வாங்குவதற்கு மாதக்கணக்கில் பழகினார்கள்.

பதிவு நாளன்று மேடையின் இரண்டு ஓரங்களில் புதுமணத் தம்பதியாக நின்று விரிப்பைப் பிடித்தார்கள். ஒரு மடிப்புக்கு இரண்டடி நெருங்கினார்கள். துணி குறுகக் குறுக வருடங்கள் போயின. அவர் முதுகு வளைந்தது. அவள் நடை தளர்ந்தது. கடைசி மடிப்பில், சலவைக்கூடத்துக் கைப்பழக்கம், அவள் விரல்கள் அவர் விரல்கள்மேல் படிந்துவிட்டன. இருவரும் அப்படியே நின்றார்கள். பிறகு அவர் மெல்லக் கையை உருவிக்கொண்டு இருட்டுக்குள் போனார். அவள் விரிப்பை உதறி, மறுமுனையைப் பிடிக்க ஆளில்லாமல், தனியாக மடிக்கத் தொடங்கினாள்.

ஒரு முழு வாழ்க்கை ஒரு துணிக்குள் போனதை இந்தக் கண்ணால் பார்த்தேன். இன்னும் நம்ப முடியவில்லை.

"அக்கா, கை பட்டுடுச்சே. இன்னொரு தடவை எடுத்திடலாம்" என்றார் டிரைவர்.

"பஸ்ஸைத்தான் ரிவர்ஸ் எடுக்கலாம். கதையில அந்தம்மா கை அங்க போகாம வேற எங்கப்பா போகும்?" என்றாள் அவள்.

"அனுமதி கிடைக்கலேன்னா உன் இத்தனை மாச உழைப்பும் வீண்" என்றேன்.

"தெரியும் அத்தான். இதையே அனுப்புங்க."

அனுப்பினேன். ஆசிரியரின் பதில் நாலு வரிதான். "கை பட்டதைப் பார்த்தேன். எழுதும்போது அந்த இடத்துக்கு வந்து பயந்து திரும்பிவிட்டேன். அதை எடுத்துவிடாமல் நடத்துங்கள்" என்று இருந்தது. சலவைக்கூடத்துக்கே கொண்டுபோய் நான் படித்துக்காட்டியதும் அவள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னொரு வாட்டி படிங்க அத்தான்."

படித்தேன். அதன்பின் அவரிடமிருந்து கடிதம் இல்லை. அந்தப் பதில் வந்த தேதி அக்டோபர் 30.