நீல டிரம்மில் கலந்த மருந்து

என் கையெழுத்து வரப்பு மாதிரி வளைந்து போகும். எந்த இடத்தில் பெரிய ற வரும் என்று இன்றைக்கும் தெரியாது. ஐந்தாவதோடு படிப்பு நின்றவன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் எதிரில் எனக்குப் பேச வராது, அதனால் எழுதுகிறேன்.

ஆம்பூர் பக்கம் பாலாற்றை ஒட்டி எங்கள் நிலம். தோல் கம்பெனிகளின் கழிவு இறங்கி இறங்கிக் கிணறு உப்பாகிவிட்டது. முதலில் நெல் போனது, பிறகு வாழை. முள்ளுக் கத்தரி மட்டும் எப்படியோ வந்துகொண்டிருந்தது. பிரியாணிக் கடைக்காரர்கள் வாங்கிப் போவார்கள். இந்தக் கோடையில் அதுவும் இலை ஓரம் கருகிச் சுருண்டது.

என் மனைவி ஷூ கம்பெனியில் தைக்கிறாள். "இந்தக் கத்தரியும் போச்சுன்னா நெலத்த லாரி நிறுத்த உட்டுடலாம். நீங்களும் கம்பெனிக்கு வந்துடுங்க" என்றாள். கோபத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது. அத்தனை பேர் நடுவில் நாள் முழுக்க உட்கார என்னால் முடியாது.

அப்போதுதான் விவசாயக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண் வந்தாள். கையில் சின்ன பாட்டில்.

"இது நானோ மருந்துண்ணா. மணல்ல இருக்கிற சத்த கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடியாக்கியிருக்கோம். இலை மேல அடிச்சா செடி உப்பையும் வெயிலையும் கொஞ்சம் தாங்கும். உங்க மண்ணுல எப்படின்னு அடிச்சிப் பாத்துதான் சொல்லணும்."

"மணலா?" என்றாள் என் மனைவி. "ஆத்துல இருந்தத எல்லாம் அள்ளிட்டுப் போனாங்களே, அத பாட்டில்ல அடைச்சித் திருப்பித் தர்றீங்களா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். போகும்போது, "கிணத்துத் தண்ணி வேணாம், நல்ல தண்ணியில கலங்க" என்றாள்.

எங்களுக்கு நல்ல தண்ணீர் என்றால் குடிக்க வாங்கும் கேன் தண்ணீர். அதைச் சுமந்துகொண்டு போய் நீல டிரம்மில் ஊற்றினோம். எங்கள் பக்கம் அந்த டிரம் இல்லாத வீடு இல்லை. தோல் பதனிடும் மருந்து வந்த டிரம். காலியானதும் வாங்கி, சோப்புப் போட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து வைத்துத் தண்ணீர் பிடிப்போம். குளிப்பது, துவைப்பது எல்லாம் அதில்தான். மருந்தை ஊற்றிக் கலக்கியதும் பால் திரிந்த மாதிரி ஆனது. இந்த மருந்தே இப்படித்தான் போல என்று துணியில் வடிகட்டித் தெளித்தோம். கடைசி வரிசைக்குப் போதவில்லை. பாட்டில் அடியில் இருந்ததை வீட்டுக் குடத்தில் கலந்து அடித்தேன்.

ஒரு வாரத்தில் இலையெல்லாம் பொட்டுப் பொட்டாக வெந்து பூ கொட்டிவிட்டது. கடைசி வரிசை மட்டும் பச்சையாக நின்றது.

அந்தப் பெண் வந்து செடிகளுக்கு நடுவில் குந்திப் பார்த்தாள். "எதுலண்ணா கலந்தீங்க?"

என் மனைவி டிரம்மைக் காட்டினாள். அந்தப் பெண் உள்ளே கைவிட்டு நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"உள்ள ஊறியிருந்த தோல் மருந்து பட்டுத் திரிஞ்சிருக்கு, அதான் இலை வெந்திருக்கு. எதுல கலப்பீங்கன்னு நானும் கேக்கல" என்றாள். இன்னொரு பாட்டில் கிடைக்குமா என்று என் மனைவி கேட்டாள். "இந்தப் போகத்துக்குக் கிடைக்காதுக்கா. லேப்ல கொஞ்சமாத்தான் செய்றோம்."

எனக்கு மனம் கேட்கவில்லை. காலி பாட்டிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அதே மருந்து கடையில் கிடைக்குமா என்று வேலூர் லாங் பஜாருக்குப் போனேன். உர மருந்துக் கடை ஒவ்வொன்றின் வாசலிலும் நின்றேன். வாய் திறக்க வரவில்லை, பாட்டிலை மட்டும் நீட்டினேன். ஒரு கடைக்காரர் மூடியைத் திறந்து முகர்ந்தார்.

"இன்னா இது? லேபிளும் இல்ல, வாசனையும் இல்ல. சென்ட்டுன்னு யாராவது ஏமாத்திட்டானா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் கண்ணீர் நிற்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த வாரம், என் மனைவி சொல்லி அனுப்பிய லாரிக்காரர் நிலத்தை அளக்க டேப்போடு வந்தார். "ஜேசிபிக்குச் சொல்லிடவாண்ணா?"

நான் கடைசி வரிசையில் போய் நின்றேன். "இந்த வரிசை காய்ச்சி முடியட்டும்" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"ஒரு வரிசைக்காக என் வண்டிங்க ரோட்டுல நிக்கணுமா? பேஜார் பண்ணாதண்ணா."

என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவரிடம், "முடியட்டுங்க. அப்பறம் நெரவிக்குங்க" என்றாள். அவர் முனகிக்கொண்டே போனார்.

அந்த வரிசை இப்போது நன்றாகக் காய்க்கிறது. இந்த நிலத்தில் இப்படிக் காய் பார்த்துப் பல வருஷம் ஆகிறது. இன்னும் எவ்வளவு நாள் காய்க்கும் என்று தெரியாது. காலையில் முதல் வேலையாகப் போய் ஒவ்வொரு கிளையாகத் தூக்கிப் பூ இருக்கிறதா என்று பார்க்கிறேன். இன்று போன வாரத்தைவிடக் கம்மியாகத்தான் இருந்தது. என் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆடி மாதம் பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.