கம்பம் பஸ்ஸில் ஒரு டிஎன்ஏ பொட்டி

டிஎன்ஏ நானோ பயிற்சி முகாமுக்கு விண்ணப்பிக்க நாளைக்குக் கடைசி நாள். "இதனால் உங்கள் ஊருக்கு என்ன பயன்?"ங்கிற கேள்விக்கு மட்டும் பதில் எழுத வரல.

தேனியில அறிவிப்பைப் பிரிண்ட் எடுத்துக்கிட்டு கம்பம் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டுல ஏலக்கா யாவாரம் பாக்குற அண்ணன் ஒருத்தர். அறிவிப்புல இருந்த பொட்டிப் படத்தை எட்டிப் பாத்தாக.

"என்ன பொட்டிம்மா இது?"

"டிஎன்ஏவை மடிச்சுச் செஞ்சதுண்ணே. கண்ணுக்கே தெரியாது. அதுக்குன்னு செஞ்ச டிஎன்ஏ துண்டு வந்து ஒட்டுனாத்தான் மூடி தெறக்கும்."

சின்னமனூர் தாண்டுனதும் அண்ணன் அக்கம்பக்கம் பாத்தாக. அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டாக.

"கேரளா எல்லையில, குமுளி செக்போஸ்ட்டுல தட்டுனாலும் தெறக்காதா?"

"தெறக்காதுண்ணே."

"அப்பக் கட்டாயம் போயிட்டு வா ஆத்தா. மூட்டை சைஸுல கெடைக்குமான்னு மட்டும் கேட்டுக்க."

வீட்டுக்கு வந்ததும் 'எல்லை தாண்டிய வணிகம் வளரும்'னு எழுதிட்டேன். சரிதானே மக்களே?