மூன்று பொன்னாடை வாங்கிய வெள்ளைக்காரக் காமெடியன்

சவுண்ட் சிஸ்டம் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, பொன்னாடை வந்தால் வால்யூமைக் குறை என்பதுதான். நம் நிகழ்ச்சிகளில் பேச்சாளர் நிறுத்தமாட்டேன் என்று அடம்பிடித்தால், தலைவர் மேடையேறி ஒரு பொன்னாடையைப் போர்த்துவார். கூட்டம் கைதட்டும். பேச்சாளரும் புரிந்துகொண்டு இறங்கிவிடுவார். இங்கே மலேசியாவில், சுங்கை பெசாரிலிருந்து பத்தாங் பெர்ஜுந்தாய் வரை இது எல்லாருக்கும் தெரியும். டெரன்ஸுக்குத் தெரியாது.

டெரன்ஸ் ஒரு காலத்தில் பிரிட்டிஷ் டிவியில் பெரிய காமெடியனாம். அவர்தான் சொன்னார். ஆதாரத்துக்கு, லாமினேட் செய்த ஒரு பத்திரிகைத் துண்டு சட்டைப்பையில் இருந்தது. அதைக் காட்டாமல் அவர் யாருக்கும் குட் மார்னிங் சொன்னதில்லை. கோலா சிலாங்கூருக்கு மின்மினி பார்க்க வந்தவர், ஊருக்குத் திரும்ப மனமில்லாமல் ரிசார்ட்டின் பின்கட்டு அறையிலேயே தங்கிவிட்டார்.

ரிசார்ட் மேனேஜர் அமீர் பாய் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். எனக்குத் தமிழில் சொன்னார்.

“ஞாயித்துக்கிழமை பகல் விருந்துல இவரு ஷோ பண்ணட்டும். ஜனங்க சிரிச்சா வாராவாரம் சனிக்கிழமை ஷோ லா. இவருக்கு ரூமு, உங்களுக்கு சவுண்ட் கான்ட்ராக்ட். சிரிக்கலன்னா திங்கக்கிழமை ரூம காலி பண்ணச் சொல்லிருவேன்.”

விருந்துக்கு வந்தவர்கள் ஓய்வுபெற்ற ரப்பர் தோட்ட ஊழியர் சங்கத்தார். ஆபீசில் கணக்கெழுதிய கிராணிகள், ஆட்களை வேலை வாங்கிய மண்டோர்கள், அவர்கள் குடும்பங்கள். டெரன்ஸ் முதல் பத்து நிமிஷம் மாமியார் ஜோக் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு பெண், “பாவம், அந்தம்மா இன்னும் உசுரோட இருக்காங்களா?” என்று கவலையோடு பக்கத்தில் விசாரித்தார்.

அடுத்துத் தன் பிரம்மாஸ்திரத்தை எடுத்தார். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, இந்தியர் பேசும் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். முகத்தில் கரி பூசி, தலைப்பாகை கட்டி, டிவியில் இந்தியக் கடைக்காரராக வந்துதான் அவர் புகழ் பெற்றாராம்.

கூட்டம் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப்போட்டு உட்கார்ந்தது. யாரும் கோபப்படவில்லை. அந்த ஆங்கிலத்தில்தான் அவர்கள் ஆயுள் முழுக்கத் துரைகளுக்குக் கடிதம் எழுதினார்கள், சண்டை போட்டார்கள், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தார்கள். “இப்பத்தான்யா இவரு பேசுறது வெளங்குது” என்றார் ஒரு மண்டோர். அரை மணி நேரம் கவனமாகக் கேட்டார்கள், ஒரு சிரிப்புகூட இல்லாமல்.

பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. சங்கத் தலைவர் பொன்னாடையோடு மேடையேறினார். டெரன்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. குனிந்து வணங்கி, இரண்டு மடங்கு உற்சாகத்தோடு மறுபடியும் தொடங்கினார். நான் வால்யூமைக் குறைத்தேன். அவர் கத்திப் பேசினார். இரண்டாவது பொன்னாடை வந்தது. தலையாட்டல் இன்னும் வேகமானது. கடைசியில் தலைவர், சிறப்பு விருந்தினருக்கு வைத்திருந்ததையும் எடுத்துவந்து போர்த்தி, கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். அமீர் பாய் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு உள்ளே போய்விட்டார்.

டெரன்ஸ் வேர்க்க விறுவிறுக்க என் சவுண்ட் மிக்சர் மேசைக்கு வந்தார்.

“மூன்று! லண்டனில்கூட இந்த மரியாதை கிடைத்ததில்லை. சனிக்கிழமை உறுதிதானே?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

கான்ட்ராக்ட் போன எரிச்சலில், பொன்னாடைக்கு என்ன அர்த்தம் என்று உடைத்துச் சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். என் அப்பாவும் கிராணிதான், நீங்கள் கேலி செய்தது அவர் பேசிய ஆங்கிலத்தை என்றும் சொன்னேன்.

“அது வெறும் ஜோக்” என்றார்.

“ஜோக் என்றால் சிரித்திருப்பார்களே” என்றேன், அப்பாவின் அதே ஆங்கிலத்தில்.

மூன்று பொன்னாடையையும் மடித்து மேசைமேல் வைத்தார். கோபமே இல்லாமல் கேட்டார்: “காலையில் மைக் டெஸ்டிங்கில் நான் இதைச் செய்துகாட்டியபோது நீ சிரித்தாயே?”

சிரித்தேன். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தேன். எனக்குச் சனிக்கிழமை கான்ட்ராக்ட் வேண்டியிருந்தது. அந்த ஆளை மேடையில் தைரியமாக ஏற்றிவிட்டதே என் சிரிப்புதான்.

தொழிலுக்கு வருகிறவர்களே, வயர் சுற்றுவதை யாரிடம் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். மிக்சருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது, சிரிப்பு வந்தால் மட்டும் சிரியுங்கள்.