ஒமெல்யான் துச்சாக்கின் ரப்பர்

ரப்பர் தூளை ஒமெல்யான் துச்சாக் ஊதித் தள்ளுவதில்லை. சுண்டுவிரல் ஓரத்தால் மெல்ல ஒதுக்கி, மேசை விளிம்புக்குக் கொண்டுவந்து, உள்ளங்கையில் வாங்கி, ஜன்னலோரப் பூந்தொட்டியில் போடுவார். அவர் வேண்டாமென்று அழித்த சுரங்களைத் தின்றே அந்தச் செடி பல வருடங்களாகச் சிவப்பாகப் பூத்துக்கொண்டிருக்கிறது.

"நீ எழுதினதைவிட இந்தத் தொட்டியிலதான் சங்கீதம் ஜாஸ்தி" என்பாள் மனைவி தார்கா.

"அதுல இருக்கிறதெல்லாம் தப்பான சங்கீதம்" என்பார் அவர், தலை நிமிராமல்.

வயது எழுபத்தொன்று. ஆள் குள்ளம், காது பெரிது. பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் வெள்ளை ரப்பரை ரொட்டிக் கத்தியால் நான்காக நறுக்கி வைத்திருப்பார். ஒரு துண்டு எப்போதும் கோட்டின் இடது பையில். கோட்டைத் துவைக்கப் போட்டால் முதலில் ரப்பரைக் கேட்பார், பிறகுதான் வீட்டுச் சாவியை. பேனாவைத் தொடமாட்டார். "மையில எழுதினா முடிஞ்சுபோச்சு. அப்புறம் அது நம்ம பேச்சைக் கேக்காது."

இசைப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தது போக, கொலோமியா ஊரின் பொம்மை நாடகக் கொட்டகைக்கு இருபத்தேழு வருடம் பாட்டுப் போட்டவர். ஓநாய் மேடைக்கு வரும்போது கிளாரினெட் வாசிக்கும் எட்டு அடியை ஊரே சீட்டியடிக்கும். யார் போட்டது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. "ஓநாய்ப் பாட்டா? அது எங்க தாத்தா காலத்துதாச்சே" என்று தபால்காரர் அவரிடமே சொன்னார். ஒமெல்யான் மறுக்கவில்லை. அன்றைக்கு அவர் கவலையெல்லாம் வேறு: தபால்காரர் மூன்றாவது அடியை மாற்றிச் சீட்டியடித்தார், அது தான் எழுதியதைவிட நன்றாக இருந்தது.

சந்தையில் தர்பூசணி வாங்க அவரைக் கூட்டிப் போகிறவர்கள் உண்டு. காயைக் காதோரம் தூக்கி, நடுவிரலால் தட்டி, கண்ணை மூடுவார். "இது இன்னும் அரைக் கட்டை இறங்கணும். நாலு நாள் கழிச்சு வா." 'பான்', அதாவது ஐயா, என்று மரியாதையாகக் கூப்பிட்டாலும் கடைக்காரிக்கு அவரைக் கண்டாலே எரிச்சல். "பான் ஒமெல்யான், நான் பழம் விக்கிறேன், மத்தளம் விக்கலை" என்பாள். ஆனால் தன் வீட்டுக்கு எடுத்துப்போகும் பழத்தை மட்டும் அவரிடம் நீட்டித் தட்டச் சொல்வாள்.

அரைக் கட்டை என்பது அவர் வாழ்க்கையில் சின்ன விஷயமில்லை. அவர்கள் ஒற்றை அறை வீட்டில் நிற்கும் பியானோவுக்கு அவரைவிட வயது அதிகம். கல்யாணமான வருடம் சுருதி சேர்க்க வந்தவர் உள்ளே விளக்கைக் காட்டிப் பார்த்துவிட்டு, இரும்புச் சட்டத்தில் விரிசல் இருக்கிறது, முழுச் சுருதிக்கு இழுத்தால் பிளந்துவிடும் என்றார். "அரைக் கட்டை கீழேயே கெடக்கட்டும் விடுங்க. வயசானதைப் போட்டு இம்சை பண்ணாதீங்க." அன்று முதல் ஒமெல்யான் ஒரு சுரத்தை அழுத்தினால் அதற்குக் கீழே இருக்கும் சுரம் பேசும். காது தேர்ந்தவர்கள் அதில் வாசித்தால் தலை சுற்றிப்போய் எழுந்துவிடுவார்கள். அவருக்குப் பழகிவிட்டது. விரல் அழுத்துவதை எழுதமாட்டார், காது கேட்பதையே எழுதுவார்.

அந்தப் பியானோவில்தான் அவருடைய நால்வர் இசை பிறந்தது. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. அதன் நடுப்பகுதி, நிதானமாகப் போவது, தொண்ணூற்றாறாம் வருடத்துக் குளிர்காலத்தில் எழுதியது. தார்கா அப்போது பிரசவ வார்டில் இரவு வேலை பார்த்தாள். காலையில் வந்து, பூட்ஸைக் கழற்றிய கையோடு, பியானோவிலிருந்து மூன்றடி தள்ளியிருந்த கட்டிலில் விழுவாள். அவர் கம்பிகளுக்கு நடுவே கம்பளித் துண்டைச் செருகிக்கொண்டு வாசிப்பார். அவள் தூங்கிக்கொண்டிருந்தால் அந்த இடம் சரி. புரண்டு படுத்தால் அங்கே ஏதோ தவறு, ரப்பர் வெளியே வரும். அந்த ஆறு நிமிட இசை முழுக்க இப்படித் தேறியதுதான். இதை இன்றுவரை அவர் தார்காவிடம் சொன்னதில்லை.

இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை என்பதுதான் வேதனை. இரண்டு முறை லிவீவ் நகரத்திலிருந்து வாசிக்க ஆட்கள் வந்தார்கள். முதல் முறை, "ஒரே ஒரு இடம், ரெண்டு நாள்ல தந்துடறேன்" என்று தாள்களைத் திருப்பி வாங்கினார். திருப்பிக் கொடுக்க ஆறு வருடமாயிற்று. இரண்டாம் முறை கச்சேரிக்கு முந்தின நாள் வாங்கினார். அவர்கள் கடுப்பில் ரயிலேறிப் போனார்கள். அதற்குப் பிறகு லிவீவில் அவர் பெயரை எடுத்தால் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினார்கள்.

மூன்றாம் முறை தார்கா அவரைக் கேட்கவில்லை. அவர் சந்தைக்குப் போயிருந்த நேரம், தாள்களை முட்டைக்கோஸ் பையில் வைத்து, லிவீவிலிருந்து வந்த உல்யானா என்ற செல்லோக்காரியிடம் கொடுத்தனுப்பிவிட்டாள். விஷயம் தெரிந்ததும் அவர் மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் தார்காதான் வாயைத் திறந்தாள்.

"ஞாயித்துக்கிழமை கச்சேரி. இந்தத் தடவையும் நீ திருப்பி வாங்கினேன்னு வெச்சுக்கோ, இனிமே இதை வாசிக்க ஒருத்தரும் வரமாட்டாங்க. எனக்கும் அறுபத்தெட்டாச்சு. காது கேக்கும்போதே கேட்டுடணும்."

சனிக்கிழமை காலை அருங்காட்சியக மண்டபத்தில் ஒத்திகை. மெழுகு போட்டுத் துடைத்த பழைய மரத்தரை. காவல் பார்க்கும் அம்மாள் எல்லோருக்கும் கம்பளிச் செருப்பு மாட்டிவிட்டு, உல்யானாவைத் தனியாக எச்சரித்தாள். "அந்த முள்ளு தரையில குத்தக் கூடாது. ஓட்டை விழுந்தா நான்தான் பதில் சொல்லணும்." செல்லோவைத் தாங்குகிற இரும்பு முள்ளுக்கு வழக்கமாக வைக்கும் கட்டையை உல்யானா லிவீவிலேயே மறந்துவிட்டு வந்திருந்தாள். கழுத்துத் துணியைச் சுருட்டி அடியில் வைத்தாள். வாசிக்க வாசிக்கத் துணியோடு செல்லோவும் வழுக்கிக்கொண்டு போயிற்று.

தார்கா விடியுமுன் எழுந்து வாசிக்கிறவர்களுக்காகக் கசகசா ரொட்டி சுட்டவள். மடியில் டப்பாவோடு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நடுப்பகுதி தொடங்கியது. மங்கலாக, எதையோ போர்த்திக்கொண்டு பேசுகிற மாதிரி வந்தது. இரண்டாம் பக்கம் திரும்புவதற்குள் தார்காவின் முகவாய் மார்பில் சாய்ந்துவிட்டது.

ஒமெல்யான் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சட்டென்று கூரையைப் பார்த்தார்.

வாசித்து முடித்ததும் உல்யானா வில்லைத் தாழ்த்தினாள். "கோவிச்சுக்காதீங்க பான் ஒமெல்யான். இதை ஏன் இந்தச் சுருதியில எழுதினீங்க? எங்க வாத்தியத்துல ஒரு கம்பிகூட விரல் வைக்காமத் தானா பேசமாட்டேங்குது. அரைக் கட்டை ஏத்தினா நாலு வாத்தியமும் கணீர்னு ஒலிக்குமே."

அவர் காதோரம் சிவந்தது. விரல்கள் வாசித்தது அந்த உயர்ந்த சுருதியில்தான். கேட்டது பியானோவின் விரிசல். அவர் விரிசலை எழுதி வைத்திருக்கிறார்.

"ஏத்தி வாசிச்சுக் காட்டு."

அப்படியே வாசித்தார்கள். சுரங்கள் அதே கோட்டில் இருக்க, வரியின் தலையில் உள்ள குறிகளை மட்டும் மனத்தில் மாற்றிக்கொண்டால் போதும், தேர்ந்தவர்களுக்கு அது பெரிய வேலையில்லை. மண்டபம் ஒலியால் நிறைந்தது. காவல்கார அம்மாள்கூட வாசலுக்கு வந்து நின்றாள். அழகாக இருந்தது. கஷ்டமே அதுதான்.

தார்கா விழித்துக்கொண்டாள். டப்பாவைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, சுற்றுமுற்றும் பார்த்தாள். "என்ன ஆச்சு? யாராவது ஜன்னலைத் திறந்தாங்களா?"

"ஒண்ணுமில்லை, நீ உக்காரு" என்றார் ஒமெல்யான்.

உல்யானா தாள்களைத் திரட்டி அவர் பக்கம் நீட்டினாள். "வரித் தலையில இருக்கிற குறிங்களை அழிச்சு வேற போட்டா தீர்ந்தது. நாளைக்குள்ள மாத்திடுவீங்களா?"

அந்தக் கேள்வி தார்காவின் காதில் நன்றாக விழுந்தது. குறிகளில் ஆரம்பிப்பார், சுரங்களில் இறங்குவார், அப்புறம் ஆறு வருடம். புருஷனின் கை கோட்டின் இடது பைக்குள் போவதையும் பார்த்தாள். ரொட்டி டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள். அவளுக்கு அழுகை வந்தது. இத்தனை பேர் முன்னால் அழக்கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒமெல்யான் தாள்களை வாங்கவில்லை. கம்பளிச் செருப்போடு மெதுவாக நடந்து வந்து, ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, உல்யானாவின் காலடியில் மண்டியிட்டார். சுருட்டி வைத்த துணியை உருவினார். பையிலிருந்து எடுத்த வெள்ளை ரப்பரை மரத்தரையில் வைத்து, செல்லோவின் முள்ளை அதன் நடுவில் நிறுத்தி, நகராமலிருக்கும்படி உள்ளங்கையால் அழுத்திக் குத்தினார்.