பூட்டுப் போட்ட கிடங்கு

பேருந்துப் பணிமனையின் உதிரிபாகக் கிடங்கை முப்பத்தோரு வருடம் கட்டி மேய்த்தவனுடைய கோட்டையில் குள்ளர்கள் பட்டினியால் சாகிறார்கள் என்றால் யார் நம்புவார்கள்? அக்கா நம்பவில்லை.

கோட்டை இருந்தது கணினியில். மலையைக் குடைந்து அறை வெட்ட வேண்டும், காளான் பயிரிட வேண்டும், முப்பது குள்ளர்களைக் குளிர்காலம் தாண்டும்வரை காப்பாற்ற வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. பக்கவாதத்தில் தம்பியின் வலது கை விழுந்த பிறகு, விரலுக்கு வேலை கொடுக்கச் சொன்னார் இயன்முறை மருத்துவர். ரப்பர் பந்தைக் கொடுத்தால் கட்டிலுக்கடியில் உருட்டிவிடுவான். மவுஸை மட்டும் விடவில்லை.

அக்கா முதியோர் இல்லத்தில் செவிலி. ஆறு வார விடுப்பில் தம்பி வீட்டுக்கு வந்திருந்தாள். திங்கட்கிழமை திரும்பாவிட்டால் அவள் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். வந்த வேகத்திலேயே சொல்லிவிட்டாள்: "வலது கையால மட்டும் ஆடி, கோட்டையைக் குளிர்காலம் தாண்ட வை. அன்னிக்கு நான் கிளம்பறேன்."

வெள்ளிக்கிழமை காலை மருந்துக் கடையிலிருந்து திரும்பினாள்.

"மூணு பேர் போயிட்டானுங்கக்கா."

"எப்படி?"

"பசி."

"நேத்து நாலு பேரு. எல்லாரும் நான் வெளிய போற நேரம் பார்த்துத்தான் சாவானுங்களா?"

"உன் எதிர்ல சாகப் பயமோ என்னமோ."

இந்த மாதிரி ஆட்களை அவள் இல்லத்தில் நிறையப் பார்த்திருக்கிறாள். நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னால் இன்றைக்கே வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். இவனும் அக்காவை நிறுத்திவைக்கத்தான் குள்ளர்களைக் காவு கொடுக்கிறானா?

முதலில் மவுஸை எடுத்து முகர்ந்தாள். இடது உள்ளங்கைச் சொறிக்கு அவன் தடவும் களிம்பின் வாடை அதில் இல்லை. இடது கையால் ஆடவில்லை, அந்த வகையில் திருட்டுத்தனம் இல்லை. பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி, ஒவ்வோர் அறையாகக் காட்டச் சொன்னாள். கடைசி அறையில் இறைச்சிப் பீப்பாய்கள் கூரை முட்ட அடுக்கியிருந்தன. கதவில் சிவப்புப் பூட்டு.

"டேய், என்னடா இது?"

"கையிருப்பு. நாற்பதுக்குக் கீழ போகக் கூடாது. அவசரத்துக்கு வேணும்."

"சாகறது அவசரம் இல்லையா?"

"இப்ப எடுத்துக் கொடுத்துட்டு, நாளைக்கு நிஜமாவே தேவைப்பட்டா எங்க போறது?"

பணிமனையிலும் இவன் இப்படித்தான். பிரேக் கட்டை இல்லாமல் வண்டி நிற்கும். கடைசிப் பத்துக் கட்டைகள் அலமாரியில் தூங்கும். மேலாளர் வந்து தொண்டை கிழியக் கத்தினாலும் சாவி வராது. ஆக, இது பழக்கமாக இருக்கலாம். திட்டமாகவும் இருக்கலாம். தம்பியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், ஒன்றும் பிடிபடவில்லை. நோயாளி விஷயத்தில் இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றுதான்.

அவனுடைய இடது கையைத் தன் கைக்கடியில் அமுக்கிக்கொண்டாள். "திற."

அம்புக்குறி பூட்டைத் தாண்டிப் போயிற்று. திரும்பி வந்து சுவரில் முட்டியது. மூன்றாவது தடவை விரல் நடுங்கி நடுங்கி அமுக்கியது. மிச்சமிருந்த இருபத்து மூன்று பேரும் கிடங்குக்குள் விழுந்தடித்து ஓடினார்கள்.

"தின்னே தீர்த்துடுவானுங்க," என்று முனகினான்.

"தின்னட்டும். நீ சுரங்கத்தைப் பாரு."

மதியம்வரை அவள் ஸ்டூலைவிட்டு எழவில்லை. ஒவ்வொரு பீப்பாய் குறையும்போதும் தம்பி பெருமூச்சு விட்டான். விரல் மட்டும் வேலையை விடவில்லை. ஒன்றரை மணிக்குத் திரையில் பனி உருகியது. ஒருவன்கூடச் சாகவில்லை.

"பதினோரு பீப்பாய்தான் மிச்சம்," என்றான், வீட்டில் களவு போன மாதிரி.

அக்கா இல்லத்துக்குப் போன் போட்டாள். "திங்கட்கிழமை காலையில வந்துடறேன். ஆமா, கை பரவாயில்லை. ஆளுதான் அப்படியே இருக்கான்." பேசிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். கிடங்குக் கதவு திறந்துதான் இருந்தது. அம்புக்குறி மெல்ல மெல்ல அதை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

"டேய்," என்றாள், போனைக் கையால் பொத்திக்கொண்டு. "எடு கையை."