சொல்லிப் போடும் மேசை

பஸ் ஓட்டிய காலத்தில் அவர் கண்ணுக்கு ஊரே உத்தரவாதம் கொடுக்கும். கொட்டுகிற மழையிலும் ஒரு சைக்கிளைக்கூட உரசாத மனிதர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெருமை மட்டும் ஓய்வு பெறவில்லை. பார்வையின் நடுப்பகுதி மங்கி, எதிரே நிற்பவரின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் புகை தெரியத் தொடங்கியதையும், இனித் தேறாது என்று கண் டாக்டர் கையை விரித்ததையும் அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை.

மகளிடமாவது சொல்லியிருக்கலாம். ஆனால் எதிர்வீட்டுப் பெரியவர் சாக்கடையில் கால்விட்டு விழுந்த அன்றே அவள் தீர்ப்பு எழுதிவிட்டாள்.

"கண்ணு தெரியாதவரு எதுக்கு வெளிய அலையணும்? நீங்களா இருந்தா வாசலைத் தாண்ட விடமாட்டேன்ப்பா."

மகளும் மருமகனும் வேலைக்குக் கிளம்பினால் வீட்டில் மிஞ்சுவது அவரும் ஃபிரிட்ஜின் உறுமலும்தான். மிச்ச காலத்தை அதோடு ஓட்ட அவருக்கு மனமில்லை.

அவருக்குப் போக்கிடம் முதியோர் மன்றம். கூரை ஒழுகும், சுவரில் காரை உதிரும். ஆனாலும் வாசற்படி, தூண், தண்ணீர்க் குழாய், சீட்டு மேசை என்று எல்லாம் காலுக்கும் கைக்கும் மனப்பாடம். மேசையில் கூட்டாளிகள் மூன்று பேர்: நர்ஸம்மா, வாத்தியார், தையல்காரர். வேலை போய்ப் பட்டம் மட்டும் தங்கியவர்கள். சீட்டை மூக்கில் ஒட்டிப் பிடித்துப் பார்ப்பதால் இவருக்கு மூக்குச்சீட்டு என்று பெயர்.

"பக்கத்துல திருடனை வச்சுக்கிட்டு வேற எப்படிப் பிடிக்கிறது" என்று தையல்காரர் மேல் பழியைப் போட்டுச் சமாளிப்பார்.

அந்த மேசையில் ஒரு பழக்கம் உண்டு. யாரானாலும் சீட்டின் பெயரை வாய்விட்டுச் சொல்லித்தான் இறக்குவார்கள். வாத்தியார் ஆரம்பித்து வைத்தது. பள்ளிக்கூட வியாதி என்று இவர் கேலி செய்வார். உள்ளுக்குள் அந்த வியாதிக்குப் பெரிய கும்பிடு போடுவார்.

அந்த மன்றத்தைத்தான் இடிக்கப் போகிறார்களாம். பதிலுக்கு எல்லா வயதுக்காரர்களுக்கும் பொதுவாக ஒரு விளையாட்டு மையம் எழும்பியது. கீழே நீச்சல் குளமும் பூப்பந்தும், முதியோருக்கு மாடியில் ஓர் அறை. மற்றவர்கள் லிஃப்ட் உண்டா, கழிவறை பக்கமா என்று விசாரித்தார்கள். இவர் கவலை வேறு. தெரியாத கட்டடத்தில் ஒரே ஒரு தடுமாற்றம் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும். சோறு இறங்கவில்லை. படுத்தால் கனவில்கூடப் படிக்கட்டு வந்தது.

திறந்த அன்று மகள் லீவு போட்டுவிட்டாள். "நானும் வந்து பாக்கறேன்ப்பா, அவ்ளோ அழகா இருக்காம்."

வாசலிலேயே சோதனை. கதவு முழுக்கக் கண்ணாடி. எது கதவு, எது காற்று என்று தெரியாமல், செருப்பைச் சரிசெய்வது போலக் குனிந்து, மகளை முன்னால் விட்டு அவள் சேலை நிறத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மாடி அறையில் நர்ஸம்மாவின் குரல் கேட்ட பிறகுதான் மூச்சு வந்தது.

தையல்காரர் கீழே பூப்பந்து வேடிக்கையில் மயங்கி நின்றுவிட்டார். கை குறைந்ததால், ஆட்டத்துக்குத் தன் முறை வரக் காத்திருந்த பூப்பந்துக்காரர் ஒருவரை வாத்தியார் பிடித்து உட்காரவைத்தார். மகள் அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"கிளாவர் பத்து" என்றார் வாத்தியார். "கிளாவர் ராணி" என்றார் நர்ஸம்மா. பூப்பந்துக்காரர் சத்தமில்லாமல் ஒரு சீட்டைப் போட்டார். அடுத்தது இவர் முறை. மேசையில் விழுந்தது எது? ஒரு சீட்டை உருவி, மறுபடி செருகிக்கொண்டார்.

"தம்பி, இந்த மேசையில சொல்லித்தான் போடணும்" என்றார் நர்ஸம்மா அவசரமாக.

"எதுக்குங்க? எல்லாரும் பாத்துக்கிட்டுத்தானே இருக்கோம்?"

வாத்தியார் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலில் இவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பள்ளிக்கூட வியாதியுமில்லை, ஒன்றுமில்லை. இத்தனை காலமும் இவருக்காகத்தான் சொல்லியிருக்கிறார்கள். வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"எப்பலேருந்து தெரியும்?"

"தூங்கிட்டிருந்த பூனை மேல டீ டம்ளரை வச்சீங்களே, அன்னிலேருந்து" என்றார் நர்ஸம்மா.

சிரிக்க முடியவில்லை. முதுகுக்குப் பின்னால் மகள் நிற்கிறாள். இப்போதும் ஏதாவது சொல்லி மழுப்பலாம்தான். அலுத்துப்போயிருந்தது.

"தம்பி, எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது" என்றார். "அதுக்குத்தான் சொல்றாங்க."

"என்கிட்ட ஏன்ப்பா சொல்லல?" மகளின் குரல் உடைந்திருந்தது.

"சொன்னா வாசலைத் தாண்ட விடமாட்டேன்னியே."

அவள் முகத்தைப் பார்க்கத் திரும்பினார், புகைதான் தெரிந்தது. வீட்டுக்குக் கிளம்புங்கள் என்று சொல்லப்போகிறாள் என்று கைச்சீட்டைக் கவிழ்த்து வைத்தார்.

அவர் தோளில் ஒரு கை விழுந்து, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு அது அவரைத் தாண்டி நீண்டு, பூப்பந்துக்காரர் போட்டிருந்த சீட்டைத் தொட்டது.

"கிளாவர் ராஜாப்பா" என்றாள் மகள். "நீங்க போடுங்க."