சிவப்பு மைக் கோடு

எங்காத்துக்காரர் ராமானுஜம் மாமல்லபுரத்தில் இருபத்தாறு வருஷம் இங்கிலீஷ் வாத்தியார். கையில் சிவப்புப் பேனா இருந்தால் கண்ணில் பட்டதையெல்லாம் திருத்திவிடுவார். கல்யாணப் பத்திரிகை, ஓட்டல் மெனு, ஒரு தடவை என் அண்ணா எனக்கு எழுதிய கடிதம்கூடத் தப்பவில்லை. மார்க் போடாததுதான் பாக்கி.

இரண்டு வீடு தள்ளி பொன்னி இருந்தாள். புருஷன் போன பின் மாடியில் இரண்டு அறைகளை வெளிநாட்டுப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டுப் பிழைத்தாள். போகிறவர்கள் ஒரு நோட்டில் நாலு வரி எழுதிவிட்டுப் போவார்கள். வருகிறவர்கள் அதைப் படித்த பிறகுதான் பெட்டியை இறக்குவார்கள்.

தொண்ணூற்றெட்டில் ஒரு வயதான இங்கிலாந்துக்கார அம்மாள் அங்கே காய்ச்சலில் படுத்தாள். பொன்னி பதினோரு நாள் கஞ்சி வைத்துக் கொடுத்துத் தேற்றி அனுப்பினாள். அந்த அம்மாள் நோட்டில் எழுதியது ஒரே வரி. அதைப் படித்துச் சொல்லும்படி பொன்னி எங்களிடம் ஓடி வந்தாள். இந்த வீடு 'கம்ஃபி' என்றிருந்தது. சௌகரியமான வீடு என்றுதான் அர்த்தம், ஆனால் இப்படி ஒரு சொல்லே கிடையாது, பாதியில் நறுக்கிய கொச்சை என்று சொல்லிக்கொண்டே இவர் சிவப்புக் கோடு கிழித்து, மேலே 'கம்ஃபர்ட்டபிள்' என்று எழுதிவிட்டார். பழக்கதோஷம்.

பொன்னியின் முகம் சுண்டிவிட்டது.

"அந்தம்மா திரும்பி வருமோ வராதோ. அது கையெழுத்து ஒண்ணுதான் என்கிட்ட கீது. அத்தப் போயி அடிச்சிட்டீங்களே சார்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. விருந்தாளி எழுதியதும் பரீட்சைப் பேப்பரும் ஒன்றா என்று கேட்டேன். மனுஷருக்கு மோர்சாதம்கூட இறங்கவில்லை. சனிக்கிழமை பஸ் பிடித்துச் செங்கல்பட்டு நூலகத்துக்குப் போனார். அங்கிருந்த பெரிய அகராதியில் அந்தச் சொல் இருந்தது. நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகவே இங்கிலீஷ்காரர்கள் வீட்டில் செல்லமாகச் சுருக்கிச் சொல்கிறார்களாம். அதன் மூலச்சொல்லுக்கு லத்தீனில் 'பலம் கொடுப்பது' என்று பொருளாம்.

திரும்பியதும் நேரே பொன்னி வீட்டுக்குப் போனார். எப்படி மன்னிப்புக் கேட்கிறார் பார்க்கலாம் என்று நானும் பின்னாலேயே போனேன். நோட்டைக் கேட்டு வாங்கித் தன் திருத்தத்தை அடித்தார். பக்கத்தில் 'வாத்தியார் தப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு அகராதியில் பார்த்ததையெல்லாம் சொன்னார்.

"உன்னாலே தெம்பு வந்ததுன்னுதான் அந்தச் சொல்லுக்குள்ளே இருக்கு, பொன்னி."

"அத்த என் கையப் புடிச்சினு அந்தம்மாவே சொல்லிச்சே சார். இதுக்கா செங்கல்பட்டு வரைக்கும் போனீங்க?"

இவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.